கிளைக்கு ஓர் இணையத்தளம்: கேமரன் மலையில் நாங்கள் கற்றது

(பொன்விழாவையொட்டி நடைபெற்ற கிளைச் செயலாளர்கள் கூட்டத்தில், கேமரன் மலைக் கிளையின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)





தலைமையகத்திலிருந்து எங்களுக்கு ஒரு கடிதம் வந்தது. "உங்கள் கிளையின் இணையத்தளம் நன்றாக நடக்கிறது என்று கேள்விப்படுகிறோம். எப்படி நடத்துகிறீர்கள் என்று மற்றக் கிளைகளுக்கு எடுத்துச் சொல்லுங்கள்" என்று எழுதியிருந்தார்கள். அதைப் படித்துவிட்டு நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். இப்போது நடப்பது எங்களுடைய இரண்டாவது தளம். முதல் தளம் மவுத்தாகிப் போனது. அது எப்படிப் போனது என்று சொன்னால்தான், இரண்டாவது எப்படி நிற்கிறது என்று உங்களுக்குப் புரியும். ஆகவே எங்கள் குறைகளிலிருந்தே தொடங்குகிறோம்.

நாங்கள் நான்கு பேர். ஒருவர் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்பவர். ஒருவர் பிரிஞ்சாங்கில் மளிகைக் கடை வைத்திருப்பவர். ஒருவர் ஓய்வு பெற்ற ஆசிரியை. ஒருவர் ஈப்போவில் படித்துக்கொண்டு வார இறுதியில் மலையேறி வரும் மாணவர். எங்களில் கணினி படித்தவர் எவரும் இல்லை. அந்த மாணவரும் கணக்கியல்தான் படிக்கிறார்.

எங்கள் ஊரை உங்களில் பலர் சுற்றுலாவுக்கு வந்து பார்த்திருப்பீர்கள். தேநீர் குடித்து, ஸ்ட்ராபெரி வாங்கி, குளிருது குளிருது என்று சொல்லிக்கொண்டு இறங்கிப் போயிருப்பீர்கள். அங்கேயே வாழ்பவர்களுக்கு அது வேறு மாதிரி. 1885-ல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் வந்து போன மலை அது. 1929-ல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கினார். 1930-களில் தாப்பாவிலிருந்து சாலை வந்தது. 1933-ல் பாரத் தோட்டம் தொடங்கியது. அந்தச் சாலை வழியாகத்தான் நம் மக்களும் வந்தார்கள். சிலர் தோட்டத்து வேலைக்கு வந்தார்கள். சிலர் லயங்களுக்கு அரிசி, பருப்பு, துணிமணி கொண்டுபோய் விற்க வந்து, அப்படியே கடை போட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

இன்றைக்குக் கிளையின் உறுப்பினர் குடும்பங்கள் ரிங்லெட், ஹாபு, தானா ராத்தா, பிரிஞ்சாங், கம்போங் ராஜா என்று ஒரே சாலையில் மணி கோத்தது போலச் சிதறி இருக்கின்றன. சாலையை விட்டு உள்ளே தோட்டங்களில் சில குடும்பங்கள். பிள்ளைகளோ ஈப்போ, கோலாலம்பூர், ஜொகூர், சிங்கப்பூர் என்று கீழே இறங்கிவிட்டார்கள். சந்தா மட்டும் இன்னும் மலைக் கிளையில்தான் கட்டுகிறார்கள். அத்தா அடக்கமான ஊர் அல்லவா!

அந்தக் காலத்தில் சேதி எப்படிப் போனது? கடை வாசலில் ஒரு சிலேட்டுப் பலகை. சூராவ் சுவரில் ஒரு தாள். தாப்பாவுக்கு இறங்கும் காய்கறி லாரிக்காரரிடம் ஒரு கடிதம். மெதுவாகத்தான் போகும். ஆனால் பலகையில் எழுதியவர் யார் என்று எல்லாருக்கும் தெரியும். தவறாக எழுதினால் மறுநாள் கடைக்கே வந்து கேட்டுவிடுவார்கள். இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இதற்குத் திரும்பி வருகிறோம்.

எங்கள் முதல் தளத்தைத் தொடங்கி வைக்க ஒரு விழாவே எடுத்தோம். மண்டபத்தில் திரை கட்டி, பிரமுகர் ஒருவரை அழைத்து, பொத்தானை அழுத்தச் செய்து, நெய்ச்சோறு போட்டோம். தளத்தைச் செய்து கொடுத்தவர் கிளை உறுப்பினர் ஒருவரின் மருமகன். நல்ல பிள்ளை. ஒரு காசு வாங்கவில்லை. முதல் பக்கத்தில் தலைவரின் படம், தலைவரின் செய்தி. அடுத்து செயலாளரின் படம், செயலாளரின் செய்தி. அதற்கடுத்து ஆறு பக்கங்களில் "விரைவில் எதிர்பாருங்கள்" என்று போட்டிருந்தது. மூன்று வருடம் கழித்துப் பார்த்தாலும் அந்த ஆறு பக்கங்களும் விரைவில் வந்துகொண்டேதான் இருந்தன.

அந்த மூன்று வருடத்தில் நடந்த இரண்டு சம்பவங்களைச் சொல்ல வேண்டும். இரண்டும் எங்களுக்குத் தலைகுனிவுதான். ஆனாலும் இந்த மலரில் அச்சேறட்டும்.

ஒன்று, ரமலான் மாதத்தில் நடந்தது. நோன்பு நேர அட்டவணையைத் தளத்தில் போடவேண்டும் என்று முடிவெடுத்தோம். நாம் இருப்பது பகாங் மாநிலம், மாநிலத் தலைநகர் குவாந்தான், எனவே குவாந்தான் அட்டவணைதான் சரி என்று எண்ணி அதை அப்படியே எடுத்துப் போட்டுவிட்டோம். யோசித்துப் பாருங்கள். குவாந்தான் கிழக்குக் கடற்கரையில் இருக்கிறது. நாங்கள் பகாங்கின் மேற்கு மூலையில், பேராக் எல்லையில் இருக்கிறோம். இரண்டுக்கும் இடையே தீர்க்க ரேகைக் கணக்கில் கிட்டத்தட்ட இரண்டு பாகை. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். ஆக, குவாந்தானில் சூரியன் மறைந்து ஏழெட்டு நிமிடம் கழித்துத்தான் எங்கள் பக்கம் மறையும். உயரமான இடம் என்பதால் அதற்கும் சற்றுக் கூடலாம். ஸஹர் நேரத்தில் இதனால் கெடுதல் இல்லை, முன்கூட்டியே நிறுத்திக்கொள்வோம். இஃப்தாரில்தான் ஆபத்து.

தோட்டத்தில் இருந்த பெரியவர் ஒருவர் பேரனைக் கைப்பேசியில் பார்க்கச் சொல்லி, அந்த நேரப்படியே மூன்று நாள் நோன்பு திறந்தார். நான்காம் நாள் பேரன் கேட்டானாம், "நாம கஞ்சி குடிச்சு முடிச்சப்புறம்தானே பாங்கு சத்தம் கேக்குது, ஏன் தாத்தா?" என்று. அவர் மூன்று நோன்பையும் களாச் செய்தார். எங்களைத் திட்டவில்லை. "நீங்க போட்டது சரியாத்தான் இருக்கும்னு நம்பித்தானே தம்பி வாயில் வச்சேன்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இரண்டாவது சம்பவம் இதைவிடக் கனமானது. தானா ராத்தாவில் தனியாக இருந்த உறுப்பினர் ஒருவர் ஓர் இரவில் மவுத்தானார். அண்டை வீட்டார் சூராவுக்குச் சொல்ல, கிளைக்காரர்கள் கூடி ஆக வேண்டியதைப் பார்த்தார்கள். அவருடைய தம்பி மகள் ஜொகூரில் இருந்தார். யாரோ சொல்லி விடியற்காலையில் அவருக்குத் தெரிந்திருக்கிறது. பெரியத்தாவின் கைப்பேசியை எடுக்க ஆளில்லை. இணையத்தில் தேடி எங்கள் தளத்தைப் பிடித்தார். அதில் ஜனாஸாத் தொடர்புக்கென்று ஓர் எண் இருந்தது. அது முந்தைய செயலாளரின் எண். அவர் பதவியை விட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது, அந்த எண்ணையும் மாற்றிவிட்டிருந்தார். அந்தப் பெண் வழியெல்லாம் அதே எண்ணை அழைத்துக்கொண்டே வந்திருக்கிறார். தாப்பா தாண்டி வளைவுகளில் ஏறி அவர் வந்து சேர்ந்தபோது, அடக்கி முடித்து நாங்கள் கபுரடியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். வந்துகொண்டிருக்கிறார் என்ற ஒரு வார்த்தை தெரிந்திருந்தால் லுஹருக்கு எடுத்த மையத்தை அசருக்கு எடுத்திருப்போம். முகம் பார்க்க அவருக்குக் கிடைக்கவில்லை.

அன்றைக்குத்தான் எங்களுக்கு உறைத்தது. சிலேட்டுப் பலகையில் பழைய சேதி இருந்தால் யாராவது அழித்துவிடுவார்கள். இணையத்தில் அழிக்க ஆளில்லை. தப்பான எண் அங்கே உட்கார்ந்துகொண்டு, ராத்திரி பகல் பாராமல் தப்பாகவே பதில் சொல்லிக்கொண்டிருந்தது. தளமே இல்லாதிருந்தால் அந்தப் பெண் தோட்ட அலுவலகத்தையோ கடையையோ அழைத்து விசாரித்திருப்பார்.

அதற்குச் சில மாதங்களில் தளமும் மறைந்தது. பெயரைப் பதிவு செய்தது அந்த மருமகனின் சொந்த மின்னஞ்சலில். அவர் வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டார். புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதங்கள் அவர் பார்க்காத பெட்டிக்குப் போயின. தவணை தப்பியது. வேறு எவரோ அந்தப் பெயரை வாங்கிவிட்டார்கள். அதன்பின் அந்த முகவரியில் என்ன வந்தது என்பதை இந்தச் சபையில் சொல்ல முடியாது.

இரண்டாவது முறை தொடங்கியபோது விழா எடுக்கவில்லை. கணினியையும் தொடவில்லை. ஆசிரியை சகோதரி ஒரு நாற்பது பக்க நோட்டை வாங்கி, கிளைச் செயலாளரிடம் கொடுத்தார். "ஒரு மாதத்துக்கு யார் உங்களை அழைத்தாலும், என்ன கேட்டார்கள் என்று இதில் ஒரு வரி எழுதுங்கள்" என்றார். மாத முடிவில் எண்ணிப் பார்த்தோம். தொழுகை நேரம், நோன்பு நேரம் கேட்டவர்கள். ஜனாஸா வண்டிக்கு யாரை அழைப்பது என்று கேட்டவர்கள். மதரஸா வகுப்பு இந்த வாரம் உண்டா என்று கேட்ட தாய்மார்கள். கல்வி உதவிக்கு எந்தப் பாரம், கடைசி நாள் எப்போது என்று கேட்ட பிள்ளைகள். சந்தா எவ்வளவு, எந்தக் கணக்கில் போடுவது என்று கேட்ட வெளியூர் உறுப்பினர்கள். ஆண்டுக் கூட்டம் என்றைக்கு என்று கேட்டவர்கள். தலைவரின் படத்தை எங்கே பார்க்கலாம் என்று அந்த ஒரு மாதத்தில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. தலைவரே இதைப் படித்துப் பார்த்துச் சிரித்துவிட்டு, "அப்போ என் படத்தை எடுத்துடுங்க" என்றார். பெருந்தன்மையான மனிதர்.

அந்த நோட்டுதான் எங்கள் தளத்தின் வரைபடம். அதில் அதிகம் கேட்கப்பட்டவை முதல் பக்கத்தில் இருக்கின்றன. எவரும் கேட்காதவை தளத்திலேயே இல்லை. மற்றக் கிளைகளுக்கு நாங்கள் சொல்லும் முதல் யோசனை இதுதான்: தளம் செய்பவரைத் தேடுமுன் ஒரு நோட்டு வாங்குங்கள்.

இனி, நாங்கள் வகுத்துக்கொண்ட வழக்கங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறோம்.

முதலாவது, தளத்தின் சொத்துரிமை. சூராவ் நிலத்தின் பத்திரத்தை எவராவது தன் சொந்தப் பெயரில் எழுதிக்கொள்ள விடுவோமா? இணையப் பெயரும் அப்படித்தான். மலேசியாவுக்கு உரிய இணையப் பெயர்களை மைநிக் நிறுவனம் நிர்வகிக்கிறது. பதிவு சங்கத்தின் பெயரில் இருக்கவேண்டும். தொடர்புக்குக் கொடுக்கும் மின்னஞ்சல் கிளைக்கென்று தனியாகத் திறந்ததாக இருக்கவேண்டும். கடவுச்சொல் எப்போதும் இருவரிடம் இருக்கவேண்டும். எழுதி மூடிய உறையில் பொருளாளரின் பெட்டியிலும் ஒன்று. புதுப்பிக்கும் கட்டணம் வாடகை, மின்கட்டணம்போல ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் ஒரு வரியாக வரவேண்டும். ஆண்டுக் கூட்டத்தில் புது நிர்வாகம் வரும்போது கணக்குப் புத்தகம், ரசீதுக் கட்டு, முத்திரை ஆகியவற்றோடு இந்த உறையும் கைமாறவேண்டும். கைமாறியதைக் கூட்டக் குறிப்பில் எழுதவேண்டும்.

இரண்டாவது, ஒவ்வொரு சேதிக்கும் ஒரு பொறுப்பாளர். "இணையக் குழு பார்த்துக்கொள்ளும்" என்றால் ஒருவரும் பார்க்க மாட்டார்கள். ஜனாஸாப் பக்கம் கடைக்காரருடையது. மதரஸாப் பக்கம் ஆசிரியையுடையது. இப்படிப் பிரித்துக்கொண்டோம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அவரவர் தம் பக்கத்தைக் கால் மணி நேரம் பார்க்கவேண்டும். மாற்றம் ஒன்றும் இல்லாவிட்டாலும் "இன்று சரிபார்க்கப்பட்டது" என்று தேதி போடவேண்டும். ஜனாஸாப் பக்கத்துக்கு மட்டும் கூடுதலாக ஒன்று: அதில் உள்ள இரண்டு எண்களையும் மாதம் ஒருமுறை உண்மையிலேயே அழைத்துப் பார்க்கிறோம். எடுக்கிறார்களா என்று பார்த்துவிட்டு, சலாம் சொல்லி வைத்துவிடுவோம். அந்த ஜொகூர்ப் பெண்ணுக்கு நாங்கள் பட்ட கடன் அது.

மூன்றாவது, ஒரு சேதியைப் போடும்போதே அதை எடுக்கும் நாளையும் குறித்துக்கொள்வது. கந்தூரி முடிந்து ஆறு மாதம் கழித்தும் "அனைவரும் வருக" என்று நிற்கும் தளத்தை எவரும் நம்பமாட்டார்கள். ஒரு பழைய அழைப்பு பக்கத்தில் நிற்கும் பத்துப் புதிய சேதிகளின் மதிப்பையும் கெடுத்துவிடும்.

நான்காவது, நம்முடையது அல்லாததை நாம் தட்டச்சு செய்யாமலிருப்பது. தொழுகை நேரங்களை இப்போது நாங்கள் எழுதுவதில்லை. ஜாக்கிம் இணையத்தில் வட்டாரம் வட்டாரமாக நேரங்களை வெளியிடுகிறது. அதில் கேமரன் மலை குவாந்தானோடு சேரவில்லை. கெந்திங் மலை, பிரேசர் மலை ஆகியவற்றோடு சேர்ந்து தனி வட்டாரமாக இருக்கிறது. எங்கள் பக்கத்திலிருந்து நேரே அங்கே போகும்படி வழி வைத்துவிட்டோம். அதுபோலவே சாலை நிலவரமும். மழைக்காலத்தில் மண் சரியும் ஊர் எங்களுடையது. 2013 அக்டோபரில் சுல்தான் அபூபக்கர் அணை நீர் திறக்கப்பட்டபின் பெர்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்கள் போனதை நீங்கள் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். நாங்கள் நேரில் கண்டோம். அப்படிப்பட்ட நேரங்களில் புலனத்தில் நூறு சேதி பறக்கும். அதில் எது நேற்றையது, எது வேறு ஊரினுடையது என்று எவருக்கும் தெரியாது. எங்கள் தளத்தில் அதிகாரிகளின் அறிவிப்பு வந்தால் மட்டும், எத்தனை மணிக்குப் போட்டோம் என்ற குறிப்போடு போடுவோம். வராவிட்டால் எதையும் போடமாட்டோம். பிந்திச் சொன்னோம் என்ற குறை வந்தால் தாங்கிக்கொள்ளலாம். தவறாகச் சொன்னோம் என்ற குறையைத் தாங்க முடியாது.

ஐந்தாவது, எழுத்து. இதைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். இணையத்தில் தமிழ் என்பது நம் வட்டாரத்துக்குப் பெருமை தரும் வரலாறு. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1995-லேயே தமிழ்க் கவிதைகளை இணையத்தில் ஏற்றிக் காட்டினார். நம் நாட்டு முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் நம்மில் எத்தனையோ பேருக்குக் கணினியில் தமிழைத் தட்டச்சு செய்யக் கொடுத்தது. 1997-ல் சிங்கப்பூரிலும், 2001-ல் கோலாலம்பூரிலும் தமிழ் இணைய மாநாடுகள் நடந்தன. ஆனால் அந்த ஆரம்ப வருடங்களில் ஆளுக்கொரு எழுத்துரு, எழுத்துருவுக்கொரு குறியீடு. ஒன்றில் அடித்ததை மற்றொன்றில் திறந்தால் புரியாத கிறுக்கலாக வரும். இன்று யூனிகோடு வந்து அந்தத் தொல்லை தீர்ந்துவிட்டது.

எங்களுக்கோ அது தாமதமாகத்தான் தீர்ந்தது. கிளையின் கூட்டக் குறிப்புகளையும் இறந்தோர் குறிப்புகளையும் பல வருடங்களாக ஒரு பழைய எழுத்துருவில் அடித்துக் கணினியில் வைத்திருந்தோம். கணினி மாறியது, அந்த எழுத்துரு போயிற்று. எழுத்துருவின் பெயரை நினைவில் வைத்திருந்தவரும் இல்லை. கோப்புகள் இருக்கின்றன. படிக்கத்தான் முடியவில்லை. ஆகவே எதை எழுதினாலும் யூனிகோடில் எழுதுங்கள். இன்னொன்று, அறிவிப்பைப் படமாகச் செய்து போடாதீர்கள். பூ வைத்து, பிறை வைத்து அழகாகத்தான் இருக்கும். ஆனால் படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடினால் கிடைப்பது அரிது. கண் மங்கிய பெரியவர் கைப்பேசியை வாசித்துக் காட்டச் சொன்னால் படத்தின் முன் அது பெரும்பாலும் வாயை மூடிக்கொள்ளும். தேயிலைச் சரிவுகளுக்குள் அலைவரிசை வருவதே ஒரு கோடு, இரண்டு கோடுதான். கனமான படம் பாதியிலேயே நின்றுவிடும். எங்கள் தொழிற்சாலைச் சகோதரர் தம் பழைய கைப்பேசியை எடுத்துக்கொண்டு லயத்துக்குப் பின்புறம் நின்று ஒவ்வொரு பக்கத்தையும் திறந்து பார்ப்பார். அங்கே திறந்தால் எங்கும் திறக்கும்.

மொழியைப் பற்றியும் கேட்பீர்கள். நம் பிள்ளைகளில் பலர் தேசியப் பள்ளியில் படித்தவர்கள். தமிழ் பேசுவார்கள், படிக்கத் திணறுவார்கள். எங்கள் தளத்தில் தமிழ் முழுமையாக இருக்கும். ஒவ்வொரு அறிவிப்பின் கீழும் மலாயில் மூன்று வரி இருக்கும். முழுவதையும் இரண்டு மொழியிலும் எழுத முயன்றோம். இரண்டு மாதத்தில் களைத்துவிட்டோம். முடிகிற அளவுக்கு வைத்துக்கொண்டால்தான் நீடிக்கும்.

ஆறாவது, மானம். இதை வேறு எந்தச் சொல்லாலும் சொல்ல எங்களுக்கு விருப்பமில்லை. முதல் தளத்தில் உறுப்பினர் பட்டியலை அடையாள அட்டை எண்ணோடு போட்டிருந்தோம். உதவிப் பொருள் வழங்கிய படங்களையும் போட்டிருந்தோம். கணவரை இழந்த ஒரு தாய் அரிசி மூட்டை வாங்கும் படம் அதில் ஒன்று. அவர் மகன் பள்ளிக்கூடத்தில் அந்தப் படத்தைக் காட்டிக் கேலி செய்யப்பட்டான். அடுத்த வருடம் அந்தத் தாய் உதவி வாங்க வரவே இல்லை. தேவை இல்லாமல் போகவில்லை, வர மனம் இல்லை. 2010-ல் நிறைவேறி 2013-ல் நடப்புக்கு வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகத் தொடர்பான தகவல்களுக்கு உரியது என்று சொல்லித் தப்பிக்கலாம். சட்டம் நம்மைத் தொடாவிட்டாலும் மார்க்கம் தொடுகிறது. கொடுப்பதை மறைத்துக் கொடுக்கச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. இப்போது எங்கள் தளத்தில் எத்தனை குடும்பங்களுக்கு, எவ்வளவு வெள்ளி வழங்கப்பட்டது என்ற கணக்கு இருக்கும். பெற்றவரின் பெயரும் முகமும் இருக்காது. கொடுத்தவர் கேட்டுக்கொண்டால் அவருடைய பெயரும் இருக்காது.

ஏழாவது, கணக்கு. ஆண்டுக் கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டறிக்கை அனுப்பவேண்டும் என்று 1966-ஆம் ஆண்டின் சங்கச் சட்டம் சொல்கிறது. கிளைக்கு அதில் உள்ள பங்கைத் தலைமையகம் கேட்கும்போது நாம் ஓடுவோம். நாங்கள் இப்போது கூட்ட அறிவிப்பு, கூட்டக் குறிப்பு, தணிக்கை செய்த கணக்கு மூன்றையும் அவ்வப்போதே உறுப்பினர்கள் பார்க்கும்படி வைத்துவிடுகிறோம். இதனால் ஒரு நன்மை விளைந்தது. சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் இருக்கும் உறுப்பினர்கள் நிலுவைச் சந்தாவைத் தாங்களாகவே அனுப்பத் தொடங்கினார்கள். பணம் எங்கே போகிறது என்று தெரிந்தால் கொடுக்கக் கை வருகிறது.

"புலனம் இருக்கிறது, முகநூல் இருக்கிறது, இன்னும் இணையத்தளம் எதற்கு?" என்று இளையவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கடையில் நடக்கும் பேச்சு புலனம். தளம் கடையின் கணக்குப் புத்தகம். பேச்சு வேகமாகப் போகும், அன்றைக்கே மறையும். ஆறு மாதம் கழித்து ஒருவர் வந்து கேட்டால் புத்தகத்தைத்தான் புரட்டவேண்டும். எங்கள் கிளையில் எந்தச் சேதியும் முதலில் தளத்தில் ஏறும், பிறகு புலனத்தில் போகும். வரிசை மாறக்கூடாது.

இந்த மலருக்காகப் பழைய படங்களும் குறிப்புகளும் தேடியபோது எங்களுக்கு ஓர் அனுபவம் கிடைத்தது. அதைச் சொல்லி முடிக்கிறோம். சூராவின் பின்னறையில் ஓர் இரும்பு அலமாரி. மலைக் குளிருக்கும் ஈரத்துக்கும் உள்ளே எல்லாம் பூசணம் பிடித்துக் கிடந்தது. அடித்தட்டில் ஒரு நீல அட்டை நோட்டு. கிளையின் ஆரம்ப காலச் செயலாளர் ஒருவர் தம் கையால் எழுதியது. யார் மவுத்து, எந்த நாள், கபன் துணிக்கு எவ்வளவு, தோண்டியவர்களுக்குத் தேநீர்ச் செலவு எவ்வளவு என்று வரி வரியாக இருந்தது. ஓரம் அரித்திருந்தாலும் ஒவ்வொரு எழுத்தும் படிக்க வந்தது. அதே நேரத்தில், எங்கள் முதல் இணையத்தளத்தின் மூன்று வருடத்திலிருந்து ஒரு வரிகூட எங்களால் மீட்க முடியவில்லை. ஐம்பது வருட வரலாற்றில் மிக நெருங்கிய காலம்தான் எங்களுக்கு இருட்டாக இருந்தது.

நம் முன்னோர் இந்த மண்ணில் எழுத்தை அலட்சியம் செய்தவர்கள் அல்லர். 1887-லேயே சிங்கப்பூரில் மகதூம் சாயபு 'சிங்கை நேசன்' என்ற வாரப் பத்திரிகையை நடத்தினார். அது மூன்று ஆண்டுதான் நடந்தது. ஆனாலும் அச்சில் இருந்ததால், எவரோ பத்திரப்படுத்தியதால், இன்றும் ஆய்வாளர்கள் அதைப் படிக்கிறார்கள். எங்கள் தளமும் மூன்று ஆண்டுதான் நடந்தது. வேறுபாட்டைப் பாருங்கள்.

ஆகவே எட்டாவதாக ஒரு வழக்கம் சேர்த்துக்கொண்டோம். ஆண்டு முடிவில் தளத்தில் வந்த எல்லாவற்றையும் அச்சிட்டு, தைத்து, அட்டை போட்டு இரண்டு பிரதி வைக்கிறோம். ஒன்று மலையில், ஒன்று ஈரமில்லாத கீழூரில், உறுப்பினர் ஒருவர் வீட்டில். செலவு அதிகமில்லை. வெள்ளிக்கிழமைதோறும் முதல் பக்கத்தை மட்டும் ஒரு தாளில் எடுத்துச் சூராவ் சுவரில் ஒட்டுகிறோம். கைப்பேசி பார்க்காத பெரியவர்கள் அங்கேதான் படிக்கிறார்கள். தவறு இருந்தால் அங்கேயே பிடித்துக் கேட்கிறார்கள். பழைய சிலேட்டுப் பலகையின் நல்ல குணம் அதனால் எங்களுக்குத் திரும்பக் கிடைத்தது.

கடைசியாகத் தொண்டர்களைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள், எவருக்கும் சம்பளம் இல்லை. ஒருவர் தலையில் எல்லாவற்றையும் ஏற்றினால் அவர் ஒரு வருடம் ஓடுவார், பிறகு அலுத்து உட்கார்ந்துவிடுவார். முதல் தளத்தைச் செய்த அந்தப் பிள்ளைக்கு நாங்கள் செய்தது அதுதான். அவர் மீது குறை சொல்ல எங்களுக்கு உரிமையில்லை. கூட ஓர் ஆளைப் பழக்கிவிடாதது எங்கள் குறை. இப்போது எங்கள் நால்வரில் ஒவ்வொருவரும் இன்னொருவருக்குத் தம் வேலையைச் சொல்லிக் கொடுத்து வைத்திருக்கிறோம். மாணவர் படிப்பு முடிந்து எங்கே போவார் என்று தெரியாது. ஆகவே பதினைந்து வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி வெள்ளிதோறும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பழகுகிறாள். சென்ற மாதம் ஜனாஸா எண்களை அழைத்துச் சரிபார்த்ததும் அவள்தான்.

அந்த ஜொகூர்ச் சகோதரி இரண்டு வருடம் கழித்து ஒருமுறை மலைக்கு வந்தார். பெரியத்தாவின் கபுரைப் பார்க்க வேண்டும் என்று புறப்படுமுன் தளத்தில் உள்ள எண்ணை அழைத்தார். முதல் மணியிலேயே எடுத்தோம். "இந்தத் தடவை எடுத்துட்டீங்க" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. மையவாடிக்கு அழைத்துப் போய், ஸியாரத் முடித்து, கடையில் தேநீர் கொடுத்து அனுப்பினோம். அவர் இழந்ததை எங்களால் திருப்பிக் கொடுக்க முடியாது. இனி ஒருவருக்கு அப்படி நேராமல் பார்த்துக்கொள்ள முடியும்.

உங்கள் ஊர் திரும்பியதும் முதல் வேலையாக உங்கள் கிளையின் தளத்தைத் திறந்து, அதில் போட்டிருக்கும் எண்ணை நீங்களே ஒருமுறை அழைத்துப் பாருங்கள். எவர் எடுக்கிறார் என்று தெரிந்துகொள்ளுங்கள். மற்றதெல்லாம் அதன்பின் பார்த்துக்கொள்ளலாம்.

ஐம்பது ஆண்டுகளாக இந்தச் சங்கத்தைச் சுமந்தவர்களுக்கும், நீல நோட்டில் எழுதி வைத்துவிட்டுப் போன அந்தப் பெரியவருக்கும் அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக. ஆமீன்.